நெல்லைச் சோறும் பெருங்குடல் பாக்டீரியாவும்

தாவரங்களில் உள்ள கார்போஹைட்ரேட்டுகளில் மனிதக் குடல் தானாகச் செரித்துக்கொள்வது மிகச் சில வகைகளைத்தான். சமைத்த மாவுச்சத்து, சீனி, கனிகளில் உள்ள எளிய சர்க்கரைகள் ஆகியவற்றோடு அதன் திறமை முடிந்துவிடுகிறது. மனித மரபுத்தொகையில் உணவுக் கார்போஹைட்ரேட்டை வெட்டக்கூடிய நொதிகளைத் தேடி எண்ணியவர்களுக்கு அதிகபட்சம் 17தான் தேறின. தாவரங்கள் கட்டும் சர்க்கரைச் சங்கிலிகளோ எண்ணிலடங்காதவை. ஒரு சர்க்கரை மூலக்கூறு அடுத்ததோடு எந்த மூலையில், எந்தத் திசையில் பிணைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதை வெட்டும் நொதி மாறும். மாவுச்சத்தும் செல்லுலோஸும் வெறும் குளுக்கோஸால் ஆனவை. பிணைப்பின் திசை வேறுபடுவதால்தான் நெல்மணி மனிதனுக்கும் வைக்கோல் மாட்டுக்கும் போகிறது.

வெட்டப்படாமல் தப்பியவை சிறுகுடலைக் கடந்து பெருங்குடலுக்குள் விழுகின்றன. நாளொன்றுக்கு 20 முதல் 60 கிராம் வரை கார்போஹைட்ரேட் இப்படிப் போய்ச் சேருவதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. ஆக்ஸிஜன் அறவே குறைந்த அந்த இடத்தில் வாழும் பாக்டீரியாக்களுக்கு இதுதான் சாப்பாடு. ‘நார்ச்சத்து’ என்று ஒரே சொல்லில் நாம் சொல்லிவிடுவது, அவற்றின் கணக்கில் நூற்றுக்கணக்கான தனித்தனிப் பண்டங்கள். எந்தப் பண்டம் எவ்வளவு கீழே போகிறது என்பதைப் பெரும்பாலும் அடுப்படி தீர்மானிக்கிறது. அதை யார் உண்பது என்பதை பாக்டீரியாவின் மரபணுக்கள் தீர்மானிக்கின்றன.

இதை விளக்க தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் சாப்பாடு வசதியானது. பொதிகையில் பிறந்து பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாகப் புன்னைக்காயலில் கடல் சேரும் ஆற்றின் இரு கரையிலும் நெல்லும் வாழையும். ஆற்றை விட்டு விலகினால் பனை, புளி, உளுந்து. கடையம், தென்காசிப் பக்கம் சிறுகிழங்கு. இவற்றில் நெல்லின் உறவு மிகப் பழையது: சிவகளை முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

அரிசியிலிருந்தே தொடங்கலாம். அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்ட ஏ.எஸ்.டி. 16, விவசாயிகள் வாயில் ‘அம்பை 16’, குட்டையான பருமணி நெல். அரிசியின் மாவுச்சத்தில் இரண்டு வகைச் சங்கிலிகள் இருக்கின்றன. கிளைகள் மிகுந்த அமைலோபெக்டின் ஒன்று. கிளை அதிகம் இல்லாமல் நீளும் அமைலோஸ் மற்றொன்று. வேகும்போது இரண்டும் நீரை உறிஞ்சிக் குழைகின்றன. அந்த நிலையில் உமிழ்நீரும் கணையநீரும் அவற்றை எளிதில் வெட்டிவிடும். ஆறும்போது அமைலோஸ் சங்கிலிகள் மறுபடி ஒன்றோடொன்று முறுக்கி, நெருங்கி, படிகம்போல இறுகுகின்றன. இறுகிய இடத்துக்குள் மனித அமைலேஸ் நொதியால் நுழைய முடியாது. இதுவே செரிமானத்துக்கு மசியாத மாவுச்சத்து. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயப்போடும் புழுங்கல் முறையிலும் இந்த இறுக்கம் ஓரளவு நடந்தேறுகிறது. ஆகவே புழுங்கலரிசிக்கு இதில் ஒரு முன்தொடக்கம் உண்டு.

பழைய சோற்றின் பெருமை பேசுகிறவர்கள் அதில் ஊறும் ‘கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியா’வைத்தான் முன்னிறுத்துகிறார்கள். இரவு முழுதும் நீரில் கிடக்கும் சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுவது உண்மை. ஆனால் அவை பெருங்குடலில் நிலையாகக் குடியிருப்பவை அல்ல. பெரும்பாலும் வந்து போகும் விருந்தாளிகள். அதைவிட உறுதியாகச் சொல்லத்தக்கது, ஆறிய சோற்றில் மசியாத மாவுச்சத்து கூடுகிறது என்பது. இந்தோனேசியாவில் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், சுடச்சுட வடித்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராமாக இருந்தது, பத்து மணி நேரம் ஆறியபின் 1.30 கிராமானது. இரு மடங்கு என்றால் பெரிதாகத் தோன்றும். கிராமில் பார்த்தால் சின்ன அளவு. ஒரு வாளிச் சோறு உண்டு வயலுக்குப் போனவர்களுக்கு அது கணிசம், ஒரு கரண்டி உண்பவர்களுக்கு அவ்வளவு இல்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றைக் குடல் அழற்சி நோயாளிகளிடம் ஆராயும் முயற்சி நடந்திருக்கிறது.

களக்காட்டு ஏத்தன் வாழை பழைய சோற்றுக்கு நேர் எதிர்ப்பக்கம். வாழைக்காயில் மாவுச்சத்து மணிமணியாகக் கெட்டித்துக் கிடக்கிறது. வேகவைக்கும் முன்பேதான் அது மசியாதது. பழுத்தால் சர்க்கரையாகிவிடும், வேகவைத்தால் குழைந்து பெரும்பகுதி செரிமானத்துக்கு இணங்கிவிடும். சிப்ஸோ, பொரியலோ, அவியலோ, எதுவும் பச்சைக் காயின் கணக்கைக் கொண்டிருக்காது. ‘வாழைக்காய் குடலுக்கு நல்லது’ என்ற வாக்கியத்தில் எந்த நிலையில் உள்ள வாழைக்காய் என்று கேட்பது நியாயம். பொங்கலுக்கு வரும் சிறுகிழங்குக்கும் பனங்கிழங்குக்கும் சோற்றின் விதிதான்: அவித்தவுடன் தின்றால் ஒன்று, ஆறவைத்து மறுநாள் தின்றால் வேறொன்று.

பெருங்குடலுக்கு வந்து சேர்ந்த மசியாத மாவுச்சத்தின் மேல் முதலில் கை வைப்பது பெரும்பாலும் ரூமினோகாக்கஸ் ப்ரோமை என்ற பாக்டீரியா. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் உள்ள ரோவெட் நிறுவனத்தில் ஹாரி ஃப்ளின்ட் குழுவினர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். இதன் மேற்பரப்பில் பல அமைலேஸ் நொதிகள், ஒன்றில் உள்ள துருத்தலும் மற்றதில் உள்ள பள்ளமும் பொருந்தி, ஒரே கூட்டாகக் கோத்துக்கொண்டிருக்கின்றன. இந்த நொதிக்கூட்டம் படிகமாய் இறுகிய மாவுமணியின் மேல் ஒட்டி உட்கார்ந்து அரிக்கிறது. 2011இல் வெளியான அவர்களது ஆய்வில் உடல் எடை மிகுந்த 14 ஆண்களுக்கு மசியாத மாவுச்சத்து மிகுந்த உணவு கொடுக்கப்பட்டது. 12 பேர் அதை அநேகமாக முழுதும் நொதிக்கவைத்துவிட்டனர். எஞ்சிய இருவரின் மலத்தில் 60 சதவீதத்துக்கு மேல் அப்படியே வெளியேறியது. அவ்விருவரிடமும் இந்த பாக்டீரியா மிகக் குறைவு. மற்ற மாவுண்ணிகள் ஏராளமாக இருந்தும் முதல் வெட்டுப் போட ஆளில்லாமல் வேலை நின்றுபோனது. ப்ரோமை தான் உடைத்த எல்லாவற்றையும் தானே தின்பதில்லை. சிந்தும் சர்க்கரை சுற்றியிருப்பவற்றுக்குப் போகிறது.

சிந்தாமல் சாப்பிடும் கலையில் தேர்ந்தது பாக்டீராய்டஸ் பேரினம். அதில் அதிகம் ஆராயப்பட்டது பாக்டீராய்டஸ் தீட்டாயோட்டாமைக்ரான். ஆய்வகப் பேச்சில் சுருக்கமாக ‘பி. தீட்டா’. இந்த பாக்டீரியா மாவுச்சத்தில் நன்றாக வளர்ந்தும் அமைலேஸை வெளியே கசியவிடுவதில்லை என்பது இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அபிகெய்ல் சாலியர்ஸுக்குப் புதிராக இருந்தது. வெட்டும் நொதிகளில் பெரும்பகுதி உள்ளே இருக்க, மாவுச்சங்கிலி வெளியே இருக்க, இரண்டும் சந்திப்பது எப்படி? 1989இல் அவரும் கெவின் ஆண்டர்சனும் வெளியிட்ட கட்டுரைகள் விடையின் வடிவத்தைக் காட்டின: பாக்டீரியா முதலில் மாவுச்சங்கிலியைத் தன் தோலில் ஒட்டிக்கொள்கிறது, பிறகு உள்ளே இழுத்து வெட்டுகிறது. அடுத்த ஆண்டுகளில் இதற்கான மரபணுக்கள் ஒரே வரிசையில் அடுத்தடுத்து இருப்பது தெரியவந்தது. அந்தத் தொகுப்புக்கு ‘சஸ்’ என்று பெயர். அதன் புரதங்கள் ஏ முதல் ஜி வரை எழுத்தால் அழைக்கப்படுகின்றன.

அதன் இயக்கம் இப்படி. பாக்டீராய்டஸுக்கு இரண்டு சவ்வுகள். இடையில் ஒரு குறுகிய இடைவெளி. வெளிச்சவ்வின் மேல் டி, ஈ, எஃப் என்ற புரதங்கள் மிதக்கும் மாவுச்சங்கிலியைப் பிடித்து நிறுத்துகின்றன. ஜி அதை வெட்டுகிறது, ஆனால் அளவோடு, மெதுவாக. துண்டுகள் மிகச் சிறிதானால் பக்கத்தில் உள்ளவை கவர்ந்துகொள்ளும் என்பதால் ஓரளவு நீளமுள்ளவையாகவே விடுகிறது. சி என்பது சவ்வை ஊடுருவி நிற்கும் பீப்பாய் வடிவத் துளை. டி அதன் வாயில் மூடியாகக் கவிந்திருக்கிறது. மூடி திறந்து நிற்கும்போது துண்டு உள்ளே விழுகிறது. விழுந்ததும் மூடி கவிகிறது. உட்சவ்வில் உள்ள டான்-பி என்ற புரதம் ஆற்றல் செலவழித்து பீப்பாயின் அடியில் உள்ள அடைப்பை இழுக்க, துண்டு இடைவெளிக்குள் இறங்குகிறது. இவ்வகை இணைகள் மூடியும் பீப்பாயுமாக இயங்குவதை 2017இல் நியூகாஸில் ஆய்வாளர்கள் படிகப் படங்களால் நிறுவினர். இடைவெளிக்குள் வந்தபின் ஏ, பி என்ற நொதிகள் நிதானமாக ஒவ்வொரு குளுக்கோஸாகக் கழற்றுகின்றன. அங்கே திருடுவதற்கு யாரும் இல்லை. மால்டோஸ் துண்டைக் கண்டவுடன் ஆர் என்ற உணரி புரதம் மொத்தத் தொகுப்பையும் முடுக்கிவிடும். மாவு வராத நாட்களில் இந்த இயந்திரம் அநேகமாக அணைந்தே கிடக்கும்.

2003இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கார்டன் குழு பி. தீட்டாவின் மரபுத்தொகையை முழுதும் படித்து வெளியிட்டபோது, மாவுச்சத்துக்கான சஸ் ஒரு முன்மாதிரி மட்டுமே என்பது தெரிந்தது. அதே அச்சில், வெவ்வேறு நொதிகளோடு, இதுபோன்ற 88 தொகுப்புகள் பின்னர் எண்ணப்பட்டன. மரபுத்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இதற்கே செலவாகிறது. பெக்டினுக்கு ஒன்று, ஆப்பிள், திராட்சைச் செல்சுவரில் உள்ள கடினமான சிக்கலான பெக்டின் வகைக்கு ஒன்று, குடலின் சளிப்படலத்துக்கும் சில. மனிதனுக்கு 17 என்றால், அவன் வயிற்றில் உள்ள ஒரே ஒரு இனத்திடம் 250க்கு மேல்.

நெல்லை மண்ணின் பொருட்கள் சில, இந்த ஆய்வுகளில் தெரிந்தோ தெரியாமலோ இடம்பெற்றிருக்கின்றன. புளியங்கொட்டையின் பருப்பு ஸைலோகுளுக்கான் என்ற சங்கிலியின் களஞ்சியம். ஆய்வகங்கள் இச்சங்கிலியைப் பெறுவதே பெரும்பாலும் புளியங்கொட்டையிலிருந்து. வறுத்து ஊறவைத்த புளியங்கொட்டையை இன்று யாரும் அவ்வளவாகத் தின்பதில்லை; ஆனால் தக்காளி, கத்தரி, கீரை என எல்லாக் காய்கறிச் செல்சுவரிலும் அதே வகைச் சங்கிலிதான். 2014இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, பாக்டீராய்டஸ் ஓவாட்டஸ் என்ற இனத்தில் இதற்கென்றே ஒரு தனித் தொகுப்பு இருப்பதைக் காட்டியது. அந்தத் தொகுப்பு இல்லையென்றால் அந்தப் பாக்டீரியா ஸைலோகுளுக்கானின் நடுவில் உட்கார்ந்தாலும் பட்டினிதான். பல நாட்டவரின் குடல் மரபுத்தொகைகளைத் தேடியபோது பெரும்பாலோரிடம் இப்படிப்பட்ட ஏதாவது ஓர் இனம் இருந்தது.

நுங்கு இன்னொரு வகை. வழவழப்பான அந்தத் தசையில் கேலக்டோமன்னான் இருக்கிறது: மன்னோஸ் சர்க்கரையின் நீள முதுகெலும்பில் ஆங்காங்கே கேலக்டோஸ் கிளைகள். முற்றினால் கிளைகள் குறைந்து, கல்லாய் இறுகி, பனங்கொட்டைக்குள் வெள்ளைப் பருப்பாகிறது. கொட்டையை மண்ணில் புதைத்தால் முளைவிடும் விதை தன் சொந்த நொதிகளால் அந்தக் கல்லைக் கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சும் உறுப்புதான் பிள்ளைகள் வெட்டித் தின்னும் தவுன். பெருங்குடலில் ஓவாட்டஸ் இதே வேலையைத் தன் கேலக்டோமன்னான் தொகுப்பால் செய்கிறது. மேற்பரப்பு நொதி முதுகெலும்பை வெட்டும், உள்நொதிகள் கேலக்டோஸ் கிளைகளையும் மன்னோஸையும் பிரிக்கும். தேங்காய்ப் பருப்பின் நாரிலும் மன்னான் உண்டு என்பதால், சொதியும் அவியலும் உண்கிறவர்களுக்கு இந்தச் சரக்கு கோடைக்கு மட்டும் வருவதல்ல.

உளுந்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். உளுந்தம்பருப்புச் சோறும், கருப்பட்டி சேர்த்த உளுந்தங்களியும், தினமும் அரைபடும் இட்லி மாவும் உள்ள ஊரில் உளுந்து பக்கப் பொருள் இல்லை. அரைத்த உளுந்தின் பசைக்குக் காரணமான சங்கிலி ஓர் அரபினோகேலக்டான் என்று மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் சுசீலம்மாவும் எம்.வி.எல். ராவும் 1970களில் காட்டினர். இந்தக் குடும்பச் சங்கிலிகளைப் பல பாக்டீராய்டஸ் இனங்களால் தனியாகத் தின்ன முடியாது. 2018இல் வந்த ஓர் ஆய்வில், பி. தீட்டாவின் ஒரு வகை தன் மேற்பரப்பில் ஒரு வெட்டு நொதியை வைத்திருந்ததும், அது உடைத்துச் சிந்திய துண்டுகளை நம்பியே மற்றவை வளர்ந்ததும் தெரியவந்தது. சஸ் முறையில் கஞ்சத்தனம் காட்டும் அதே இனம், வேறு பண்டத்தில் ஊருக்கே சோறு போடுகிறது. எந்தச் சங்கிலி, எந்த நொதி, வெட்டு உள்ளேயா வெளியேயா என்பதை வைத்தே பங்கீடு அமைகிறது. ஓர் இனத்துக்கு ஒரே குணம் என்று எழுதுவது வசதி, உண்மை அல்ல.

உளுந்தில் இன்னொரு சரக்கும் உண்டு: ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ், வெர்பாஸ்கோஸ் என்ற சிறு சங்கிலிகள், சீனி மூலக்கூறில் ஒன்று, இரண்டு, மூன்று கேலக்டோஸ் கோர்த்தவை. உளுந்தில் வெர்பாஸ்கோஸ் மிகுதி. இந்தக் கேலக்டோஸைக் கழற்றும் நொதி மனிதக் குடலில் இல்லை. பிஃபிடோபாக்டீரியத்துக்கு இது விருப்பமான உணவு. ஒரே சவ்வுள்ள இந்த பாக்டீரியா, மூடி-பீப்பாய் முறையைக் கொண்டதல்ல. சவ்வில் தொங்கும் ஒரு புரதம் முழுத் துண்டையும் பற்றி, பக்கத்தில் உள்ள வாயிலுக்குக் கொடுக்க, ஏ.டி.பி. செலவழித்து வாயில் அதை உள்ளே தள்ளுகிறது. வெட்டுவது முழுக்க உள்ளே. டென்மார்க் ஆய்வாளர்கள் 2016இல் இந்தப் பற்றும் புரதம் ராஃபினோஸை எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்று அளந்து, அதே கலவையில் ஓவாட்டஸோடு விட்டுப் பார்த்தபோது, பிஃபிடோ முந்திக்கொண்டதைக் கண்டனர். பெரிய சங்கிலியில் பாக்டீராய்டஸ் வலிமை காட்டும். சிறு துண்டில் பிஃபிடோவின் வேகம்.

பருப்பு தின்றால் வாயு என்ற பழியும் இந்தச் சிறு சங்கிலிகள் மேல்தான். வேகமாக நொதிக்கும் பண்டம் என்பதால் ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் ஒரே நேரத்தில் எழுகின்றன. பூண்டும் பெருங்காயமும் சேர்ப்பது அதற்கான சமையல் பரிகாரம். ஊறவைத்த நீரை வடித்தாலும், முளைகட்டினாலும், மாவு புளித்தாலும் இச்சங்கிலிகள் குறையும். புளிக்கும் மாவில் உள்ள சில பாக்டீரியாக்களிடம் அந்தக் கேலக்டோஸ் நொதி இருக்கிறது. அதாவது இட்லிக்கு முன்னால் பெருங்குடலின் வேலையில் ஒரு பங்கு மாவுப் பானையிலேயே முடிந்துவிடுகிறது.

கூட்டாஞ்சோறு போல அரிசி, பருப்பு, காய், முருங்கைக்கீரை எல்லாம் ஒன்றாக வந்திறங்கும் நாளில் பாக்டீரியா எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தின்பதில்லை. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு விருப்ப வரிசை உண்டு. பி. தீட்டாவும் ஓவாட்டஸும் ஒரே கலவையில் வெவ்வேறு சங்கிலிகளை முதலில் எடுக்கின்றன என்று 2017இல் காட்டப்பட்டது. நெருங்கிய உறவினங்கள் ஒரே குடலில் ஒன்றையொன்று விரட்டாமல் வாழ்வதற்கு இது ஒரு காரணம்.

உள்ளே போன சர்க்கரை பைருவேட் வரை உடைந்தபின், ஆக்ஸிஜன் இல்லாததால் முழுதும் எரிய முடியாமல், அமிலமாக வெளியேறுகிறது. அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற மூன்றும் ஏறத்தாழ 60:20:20 விகிதத்தில் பெருங்குடலில் இருக்கும். பிஃபிடோ பெரும்பாலும் அசிட்டேட்டும் லாக்டேட்டும் தருகிறது. பாக்டீராய்டஸ் சக்சினேட் வழியில் புரோப்பியோனேட். பிஃபிடோ கழித்துவிட்ட அசிட்டேட்டை எடுத்துப் பியூட்டிரேட்டாக மாற்றுவது ஃபீகலிபாக்டீரியம், ரோஸ்பூரியா போன்றவை. ஒருவரின் கழிவு அடுத்தவருக்கு மூலப்பொருள். பெருங்குடல் சுவர்ச் செல்கள் தமக்கு வேண்டிய ஆற்றலில் சுமார் 70 சதவீதத்தைப் பியூட்டிரேட்டிலிருந்தே பெறுகின்றன. புரோப்பியோனேட் கல்லீரலுக்கும் அசிட்டேட் உடல் முழுதும் போகின்றன.

இந்த அமிலங்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: உறிஞ்சப்படும்போது அவை சோடியத்தையும் நீரையும் கூடவே இழுத்துப் போகின்றன. தமிழ்நாட்டில் இது மருந்தாக மாறிய கதை வேலூரில் நடந்தது. காலராவில் உப்பு-சர்க்கரைக் கரைசல் உயிரைக் காக்கும். ஆனால் பேதியின் அளவைக் குறைப்பதில்லை, ஏனெனில் அதில் உள்ள குளுக்கோஸ் சிறுகுடலிலேயே முடிந்துவிடும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பி.எஸ். ராமகிருஷ்ணா, அமெரிக்காவின் ஹென்றி பைண்டர், ஆஸ்திரேலியாவின் கிரேம் யங் ஆகியோர் கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் அமைலோஸ் மிகுந்த மக்காச்சோள மாவுச்சத்தைச் சேர்த்தனர். அது சிறுகுடலில் மசியாமல் பெருங்குடல் போய், பாக்டீரியாவுக்கு உணவாகி, அமிலமாகும் என்பது எதிர்பார்ப்பு. 48 காலரா நோயாளிகளிடம் நடந்த இந்தச் சோதனை 2000இல் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்’ வெளியானது. வழக்கமான கரைசல் பெற்றவர்களுக்குப் பேதி சராசரியாக 90.9 மணி நேரம் நீடித்தது. இந்த மாவு சேர்த்தவர்களுக்கு 56.7 மணி நேரம். பின்னர் வேலூரிலேயே வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளிடமும் இதே முறை பேதியின் காலத்தைச் சுருக்கியது.

டாக்காவில் நடந்தது வேறு திசையில். சத்துக்குறைவால் மெலிந்த 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு, கொண்டைக்கடலை, சோயா, வேர்க்கடலை மாவோடு பச்சை வாழைக்காயும் சேர்ந்த ஓர் உணவை மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021இல் வெளியானது. வழக்கமான துணை உணவைவிட இதில் வளர்ச்சிக் குறியீடுகள் மேலாக இருந்தன. யார் அதை உண்டார்கள் என்று தேடிய 2024 ஆய்வு, ப்ரிவோடெல்லா கோப்ரி என்ற பாக்டீரியாவின் சில குறிப்பிட்ட வகைகளையும், அவற்றில் உள்ள கார்போஹைட்ரேட் தொகுப்புகளையும் சுட்டியது. போபால், கேரளம் ஆகிய இரண்டு இடத்தவரை ஒப்பிட்ட 2019 இந்திய ஆய்வில், தாவர உணவு மிகுந்த போபால்காரர்களிடம் ப்ரிவோடெல்லா மேலோங்கியிருந்தது.

தாவரச் சங்கிலிகள் வராதபோது, இந்த பாக்டீரியாக்கள் சும்மா இருப்பதில்லை. பி. தீட்டாவுக்கும் அக்கர்மான்சியா என்ற பாக்டீரியாவுக்கும் குடல் சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தின் சர்க்கரைகளையும் வெட்டத் தெரியும். மனிதக் குடல் பாக்டீரியாக்களைக் குடியேற்றிய எலிகளுக்கு நார் நீக்கிய உணவு கொடுத்த 2016 சோதனையில், சளி மேயும் இனங்கள் பெருகிப் படலம் மெலிந்தது. அதைத் தொடர்ந்து நோய்க் கிருமியைக் கொடுத்தபோது அது எளிதில் சுவரை எட்டியது. நன்றாகத் தீட்டிய வெள்ளையரிசி அந்த நார் நீக்கிய உணவிலிருந்து வெகுதூரம் இல்லை, தவிட்டோடு செல்சுவர்ச் சங்கிலிகளும் போய்விடுவதால். உடன் உண்ணும் உளுந்தும் காயும் கீரையும்தான் அந்த இடத்தை ஓரளவு ஈடுகட்டுகின்றன.